சுருட்டுப் பரீட்சை

"சுருட்டைப் பற்றி ஒரு பெண்பிள்ளை கட்டுரை எழுதுவதாவது!" என்று நீங்கள் புருவத்தை உயர்த்துவது எனக்குத் தெரிகிறது. உயர்த்துங்கள், ஆனால் பக்கத்தை மட்டும் புரட்டிவிடாதீர்கள். சுருட்டுக் குடித்தவர்கள் ஆண்கள்தான், வாஸ்தவம். ஆனால் திண்ணையில் உதிர்ந்த சாம்பலைக் கூட்டினவர்கள் யார்? நெடி ஏறிய வேஷ்டியை இரண்டு தரம் சோப்புப் போட்டுத் துவைத்தவர்கள் யார்? மெத்தை உறையில் பொத்தல் விழுந்தால் ஒட்டுப் போட்டவர்கள் யார்? ஆகையால் இந்த விஷயத்தில் அபிப்பிராயம் சொல்ல நமக்கும் பாத்தியதை உண்டு.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு சுருட்டைக்கூட நான் உதட்டில் வைத்ததில்லை. ஆனாலும் நல்ல சுருட்டு எது, நாட்பட்ட சுருட்டு எது, சரியாகப் புழுங்காத இலையில் சுற்றியது எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். அந்த வித்தையை எனக்குக் கற்றுக் கொடுத்தவர்கள் என் மாமனார், மாமியார் இருவரும். அதில் யார் பெரிய வாத்தியார் என்பதைப் போகப் போகச் சொல்கிறேன்.

நான் மதுரைப் பெண். 1974-இல் வாழ்க்கைப்பட்டுப் பழனிக்கு வந்தேன். பழனி என்றதும் உங்களுக்கு என்னென்ன மணம் நினைவுக்கு வரும்? விபூதி மணம், பஞ்சாமிர்த மணம், குதிரை வண்டி ஸ்டாண்டின் மணம். எனக்கு நான்காவதாக ஒன்று உண்டு. எங்கள் வீட்டு ரேழியில் அடுக்கியிருந்த புகையிலைச் சிப்பங்களின் மணம் அது. என் மாமனார் புகையிலைத் தரகர். பழனி, ஒட்டன்சத்திரம், வேடசந்தூர் வட்டாரங்களில் எந்தத் தோட்டத்தில் எப்படிப்பட்ட இலை விளைகிறது என்று விரல் நுனியில் வைத்திருந்தார். ஐப்பசியில் நட்ட செடியைத் தையில் அறுப்பார்கள். தைப்பூசத்துக்குக் காவடிகள் அடிவாரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். அதே நாட்களில் எங்கள் வீட்டு வாசலில் இலை மாதிரிகளோடு விவசாயிகள் வந்து உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு கூட்டத்துக்கும் மோர் கரைத்துக் கொடுப்பது என் வேலை.

திருச்சி சுருட்டு என்று உலகமெல்லாம் பெயர் பெற்ற சுருட்டு ஒன்று உண்டு. 1887-இல் வெளிவந்த 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்' என்ற முதல் ஷெர்லக் ஹோம்ஸ் கதையிலேயே அது வந்துவிடுகிறது. கொலை நடந்த அறையில் கிடந்த கறுத்த, ஏடு ஏடாக உதிரும் சாம்பலைப் பொறுக்கிப் பார்த்துவிட்டு, கொலையாளி குடித்தது திருச்சி சுருட்டு என்று அந்தத் துப்பறியும் சூரர் கண்டுபிடித்துவிடுகிறார். இங்கிலீஷ்காரர்கள் 'செரூட்' என்று சொல்வதே நம்முடைய சுருட்டுதான். கட்டுமரத்தையும் மிளகுத் தண்ணீரையும் கப்பலேற்றிக் கொண்டுபோன மாதிரி இந்த வார்த்தையையும் கொண்டுபோய்விட்டார்கள். சர்ச்சிலுக்குக்கூட இங்கிருந்து சுருட்டுப் போயிற்று என்று உறையூரில் பெருமையாகச் சொல்வார்கள். சர்ச்சில் 1896-இல் பெங்களூர்ப் பட்டாளத்துக்கு வந்து இறங்கினவர். அதற்கு முந்தின வருஷம்தான் கியூபாவைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். இரண்டு ஊர் இலையையும் ஒப்பிட்டுப் பார்க்க அவரைவிடத் தோதான ஆள் கிடைப்பது கஷ்டம்.

ஆனால் திருச்சி சுருட்டு என்ற பேச்சை எடுத்தாலே மாமாவுக்குக் கோபம் வந்துவிடும். "சுத்தினது திருச்சியா இருக்கலாம். இலை எங்க ஊரு இலை! பெத்தவ ஒருத்தி, பேரு வச்சவ ஒருத்தி" என்பார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. திருச்சி சுருட்டுக்கு உள்ளே வைத்துச் சுற்றிய இலையில் பெரும் பகுதி திண்டுக்கல் சீமையில் விளைந்ததுதான். சென்னை ஸ்பென்ஸர் கம்பெனியார் இதைத் தெரிந்துகொண்டு திண்டுக்கல்லிலேயே சுருட்டுத் தொழிற்சாலை நடத்தினார்கள். அவர்களுடைய 'லைட் ஆஃப் ஏஷியா' சுருட்டு அந்தக் காலத்தில் துரைமார் வீட்டு விருந்துகளில் இடம் பெற்றது. சுதந்தரம் வந்த மறு வருஷமே, 1948-இல், வேடசந்தூரில் சுருட்டுப் புகையிலைக்கென்று ஒரு ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது என்றால் இந்த மண்ணின் விசேஷத்தை ஊகித்துக் கொள்ளுங்கள்.

சரி, இலையை எப்படிப் பரீட்சை செய்வது? மாமா செய்ததை நான் வருஷக் கணக்கில் மோர்ச் செம்போடு நின்று பார்த்திருக்கிறேன்.

முதலில் இலையை விரித்துப் பிடித்து வெளிச்சத்துக்கு எதிரே பார்ப்பார். நரம்பு மெலிதாக இருக்க வேண்டும். பிறகு உள்ளங்கையில் வைத்துக் கசக்குவார். நல்ல இலை பட்டுத் துணி மாதிரி கசங்கி, விட்டவுடன் மெல்ல விரியும். நொறுங்கினால் காய்ந்தது, ஒட்டிக்கொண்டால் ஈரம். அப்புறம் மூக்கு. பறித்த இலையை உலர்த்திப் போர் போட்டு அடுக்குவார்கள் அல்லவா? அந்தப் போர் தானாகவே சூடேறிப் புழுங்கும். கையை உள்ளே விட்டால் சுடும். அவ்வப்போது பிரித்து, மேலே இருந்ததை உள்ளே வைத்து, உள்ளே இருந்ததை மேலே வைத்து மறுபடி அடுக்க வேண்டும். நன்றாகப் புழுங்கின இலையில் தேனும் பழைய மரப்பெட்டியும் கலந்த மாதிரி ஒரு மணம் வரும். புழுங்காத இலை மூக்கில் பட்டவுடன் மாட்டுத் தொழுவத்து நவச்சார நெடி அடிக்கும். நம் வீட்டு இட்லி மாவு மாதிரிதான். பொங்க வேண்டிய அளவு பொங்கினால் அமிர்தம், கூடினாலும் குறைந்தாலும் வீண்.

கடைசியில் நெருப்பு. இலையின் ஓரத்தில் கங்கை வைத்து ஊதி அணைப்பார். கங்கு சுற்றிலும் ஒரே சீராகப் பரவி, கொஞ்ச நேரம் அணையாமல் இருக்க வேண்டும். சாம்பல் வெளுத்து, கெட்டியாக நின்றால் அவர் முகம் மலரும். கறுத்து உதிர்ந்தால், "கிணத்துத் தண்ணி உப்பா ராசா?" என்று விவசாயியைக் கேட்பார். கேட்கப்பட்டவர் திருதிருவென்று விழிப்பார். மாமா மந்திரவாதி இல்லை. தண்ணீரில் குளோரைடு உப்பு அதிகமானால் இலை சரியாக எரியாது என்பது வேடசந்தூர் விஞ்ஞானிகளும் ஒப்புக்கொள்ளும் உண்மைதான்.

வாயில் வைத்துப் பார்க்கும்போது அவர் உபயோகித்த வார்த்தைகளைக் கேட்டால் நீங்கள் சமையலைப் பற்றிப் பேசுகிறார் என்றே நினைப்பீர்கள். காரம் வேறு, காறல் வேறு என்பார். காரம் நாக்கின் நுனியில் பட்டு உடனே போய்விடும், அது குணம். காறல் கருணைக்கிழங்கு மாதிரி அடித்தொண்டையில் பிடித்துக்கொள்ளும்; அது குற்றம். நெடி மூக்குக்கு, கமறல் தொண்டைக்கு. இவற்றுக்கெல்லாம் அவர் கொடுத்த மதிப்பெண் அணாக் கணக்கில். நாட்டில் நயா பைசா வந்து எத்தனையோ வருஷமாகியும் எங்கள் திண்ணையில் அணா செல்லுபடியாகிக் கொண்டிருந்தது. பதினாறு அணாவும் வாங்கின இலை ஒன்றுகூட இல்லை. "பதினாறு கொடுத்துட்டா அப்புறம் நான் எதுக்கு?" என்பார்.

இத்தனை ரசனையுள்ள மனிதர் பழனியில் குடியிருப்பதில் ஒரு சங்கடமும் இருந்தது. மலைமேல் நிற்பவரோ கோவணாண்டி. "எங்க ஐயன் எல்லாத்தையும் துறந்தவரு, அவரு காலடியிலே இருந்துக்கிட்டு நான் இந்தக் கழுதையைத் துறக்க முடியலே" என்று மாமாவே சொல்லிக்கொள்வார். உடனே சமாதானமும் வைத்திருப்பார். "அதே ஐயன் விராலிமலைக்குப் போனா சுருட்டு ஏத்துக்கிறாரே!"

இது வேடிக்கைப் பேச்சல்ல. திருச்சியிலிருந்து மதுரைக்குப் போகும் ரஸ்தாவில் இருக்கும் விராலிமலை முருகன் கோயிலில் சுவாமிக்குச் சுருட்டு நிவேதனம் உண்டு. கருப்பமுத்துப் பிள்ளை என்ற பக்தர் கோயிலுக்குப் புறப்பட்டபோது காற்றும் மழையும் பிடித்துக்கொண்டதாம். ஆற்றில் வெள்ளம். குளிரில் நடுங்கி, ஒரு சுருட்டுக் கிடைக்காதா என்று ஏங்கி நின்றவருக்கு யாரோ ஒருவர் வந்து சுருட்டும் நெருப்பும் கொடுத்து ஆற்றைக் கடக்கவும் உதவினாராம். கோயிலுக்குப் போய்ப் பார்த்தால் சந்நிதியில் சுருட்டு இருந்ததாம். அன்று முதல் ஏற்பட்ட வழக்கம் என்கிறார்கள். கருப்பண்ணசாமிக்கும் முனியாண்டிக்கும் சுருட்டுப் படைப்பது ஊருக்கு ஊர் உண்டு. முருகனுக்குப் படைப்பது விசேஷம். புகையிலை நம் நாட்டுக்குப் போர்த்துகீசியர் கொண்டுவந்த சரக்கு. 1617-இல் ஜஹாங்கீர் பாதுஷா புகைபிடிக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். உத்தரவு காற்றோடு போயிற்று. சரக்கு சாமி சந்நிதி வரைக்கும் வந்துவிட்டது, பாருங்கள்!

இனி 1986-ஆம் வருஷத்துக்கு வருகிறேன். திண்டுக்கல் தனி ஜில்லாவாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கப்பலில் எஞ்சினீயராக இருந்த என் கொழுந்தனார் லீவில் வந்தார். எனக்கு ஒரு நைலக்ஸ் புடவை, அத்தைக்கு ஒரு தைலப் பாட்டில், அவர் அண்ணாவுக்கு ஒரு ரேடியோ. அப்பாவுக்கு? கைக்கு அடக்கமான ஒரு மரப்பெட்டி. திறந்தால் 25 சுருட்டுகள், ஒன்றுபோல ஒன்று, இடுப்பில் காகித ஒட்டியாணம் கட்டிக்கொண்டு படுத்திருந்தன. கியூபா தேசத்து மாண்டிக்கிறிஸ்டோ! ராட்டர்டாம் துறைமுகத்தில் வாங்கினாராம். விலையைக் கேட்டு அத்தை, "அந்தக் காசுக்கு ஒரு சோடித் தோடு வந்திருக்குமே" என்றாள்.

மாண்டிக்கிறிஸ்டோ என்பது ஒரு நாவலின் பெயர் என்பது தொடர்கதைப் பிரியர்களாகிய உங்களுக்குத் தெரிந்திருக்கும். அது சுருட்டுக்கு வந்த விதம் எனக்கு மிகவும் பிடித்த சமாசாரம். ஹவானா நகரத்துச் சுருட்டுத் தொழிற்சாலைகளில் தொழிலாளிகள் வரிசையாக உட்கார்ந்து சுற்றிக் கொண்டிருப்பார்கள். உயரமான மேடையில் ஒருவர் உட்கார்ந்து அவர்களுக்குப் பத்திரிகையும் நாவலும் உரக்க வாசிப்பார். 1865-இல் ஆரம்பித்த வழக்கம். தொழிலாளிகள் விரும்பிக் கேட்ட கதைகளில் ஒன்று, டூமாஸ் எழுதிய மாண்டிக்கிறிஸ்டோ பிரபுவின் கதை. அந்தப் பெயரையே சுருட்டுக்கு வைத்துவிட்டார்கள். நம் பக்கத்திலும் கண்ணூர் பீடித் தொழிலாளிகள் தங்களில் ஒருவரை வாசிக்கச் சொல்லிவிட்டு, அவர் சுற்ற வேண்டிய பீடியைத் தாங்கள் பங்கு போட்டுச் சுற்றிக் கொடுத்தார்கள். கதை கேட்க வேண்டுமென்பதற்காக அடுத்தவள் வேலையையும் சேர்த்துச் செய்வது நமக்குப் புரியாத காரியமா என்ன!

ஞாயிற்றுக்கிழமை இராத்திரி சாப்பாடானதும் திண்ணையில் பரீட்சை ஏற்பாடாயிற்று. பரீட்சகர்கள் மூவர். மாமா, அவருடைய சிநேகிதர் ஒரு வக்கீல் குமாஸ்தா, ரிட்டயர் ஆன தமிழ்ப் பண்டிதர் ஒருவர். பண்டிதர் பொடி போடுகிறவர், சுருட்டைத் தொடமாட்டார். "நான் நாசியால் மட்டும் தீர்ப்புச் சொல்லுகிறேன்" என்று உட்கார்ந்தார். என் கணவர் சிலேட்டில் அணாக் கணக்கு எழுத வேண்டியது. நான் நிலைப்படியில். அத்தை உள்ளே கூடத்தில் ஊஞ்சலில், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டு. கியூபாச் சுருட்டுக்கு எதிராக நம்முடைய திண்டுக்கல் சுருட்டுகள் இரண்டு, தாம்பாளத்தில் தயாராக வைக்கப்பட்டன.

ஆரம்பத்திலேயே ஒரு சிக்கல். நம் சுருட்டுக்கு இரண்டு முனையும் திறப்பு. எந்தப் பக்கத்தையும் பற்றவைக்கலாம், எந்தப் பக்கத்தையும் வாயில் வைக்கலாம். கியூபாச் சுருட்டின் தலையோ தொப்பி போட்டு மூடியிருந்தது. அதை வெட்டினால்தான் புகை வரும். இதற்கென்று ஒரு கத்திரி உண்டாம். கொழுந்தனார் அதை வாங்கவில்லை. குமாஸ்தா பல்லால் கடிக்கப் போனார். "இருங்க, இருங்க! ஜோடித் தோடு விலை!" என்று மாமா தடுத்து, இடுப்பிலிருந்து பாக்குவெட்டியை எடுத்தார். கொட்டைப்பாக்கை மயிரிழையாகச் சீவுகிற கை. 'டிக்' என்று ஒரே சத்தம். தொப்பி மட்டும் வட்டமாகக் கழன்று விழுந்தது.

பற்றவைக்குமுன் விரலால் தலையிலிருந்து கால்வரை அமுக்கிப் பார்த்தார்கள். எங்கும் கெட்டியுமில்லை, பொள்ளலுமில்லை. இதற்கு இரண்டு அணா. மேல் இலை எண்ணெய் தடவினாற்போல மினுங்கியது, தையல் தெரியவில்லை, இரண்டு அணா. திண்டுக்கல் சுருட்டின் மேல் இலை முரடு, அரை அணாதான். இதைச் சொல்லும்போது மாமாவின் குரல் கொஞ்சம் இறங்கிற்று. நம் பக்கத்து இலை உள்ளே வைக்கத் தோதானது; மேலே போர்த்துவதற்கு அந்தக் காலத்திலேயே ஸ்பென்ஸர் கம்பெனியார் ஜாவாவிலிருந்து மெல்லிய இலை தருவித்தார்கள். ரவிக்கைத் துணி மட்டும் வெளியூர்!

பற்றவைத்தார்கள். பத்து நிமிஷம் ஒரு பேச்சில்லை. பண்டிதர் கண்ணை மூடி மூக்கை விசிறிக்கொண்டிருந்தார். பிறகு மாமா மெதுவாகச் சொன்னார்: "மொதல்லே வறுத்த கொத்தமல்லி. அப்புறம் காப்பிக்கொட்டை. இப்ப, இந்தாப்பா, பனங்கற்கண்டு வருது." குமாஸ்தாவுக்குக் கொத்தமல்லி கிடைக்கவில்லை, கோகோ கிடைத்தது. பண்டிதர், "ஆட்டுரல் தோல் வாசனை" என்று ஏதோ சொல்லி எல்லோரையும் குழப்பினார். "உரலுக்கு ஏதய்யா தோல்?" என்றதற்கு, "புதுச் செருப்பென்று வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். கியூபாச் சுருட்டின் சாம்பல் ஒன்றரை அங்குலம் உதிராமல் நின்றது. திண்டுக்கல் சுருட்டின் சாம்பல் பாதியில் திண்ணைமேல் விழுந்தது. காறல் இரண்டிலும் இல்லை. காரத்தில் நம் சுருட்டுக்கே வெற்றி. "இது பெரிய மனுஷன் பேசற மாதிரி பேசுது. நம்மது வயக்காட்டுலேருந்து கூப்பிடற மாதிரி கூப்பிடுது" என்றார் மாமா. கூட்டிப் பார்த்ததில் கியூபாவுக்குப் பதினான்கு அணா, திண்டுக்கல்லுக்குப் பதினொன்றரை.

அப்போது உள்ளேயிருந்து அத்தையின் குரல் வந்தது. "அந்தக் கப்பல் சுருட்டிலே நடுவாக ஒரு இலை சரியாப் புழுங்கலே."

திண்ணையில் எல்லோரும் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் இழுத்தார். பாதிக்குக் கீழே வந்ததும் முகம் சுளித்து, சுருட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். "நவச்சார நெடி லேசா இருக்குதுடா" என்று என் கணவரிடம் சொல்லி, ஒரு அணாவைக் குறைக்கச் சொன்னார்.

இந்த மூக்கு அத்தைக்கு எப்படி வந்தது? அவள் பிறந்தது புகையிலைத் தோட்டத்தில். பாவாடை கட்டின வயதில் விடிகாலையில் பனி ஈரத்தோடு செடிகளுக்குக் கொழுந்து கிள்ளப் போவாளாம். பத்து மணிக்குள் தலை சுற்றி, வரப்பில் உட்கார்ந்து வாந்தி எடுப்பாளாம். "வெறும் வயித்திலே வந்தா அப்படித்தான்" என்று பழைய சோற்றைப் போட்டு மறுபடி அனுப்புவார்களாம். ஈர இலையிலிருந்து நிகோடின் விஷம் தோல் வழியாகவே ரத்தத்தில் ஏறும் என்பதும், அதனால் வரும் மயக்கத்துக்கும் வாந்திக்கும் வைத்திய சாஸ்திரத்தில் தனிப் பெயரே உண்டென்பதும் எனக்கு வெகு காலம் கழித்துத்தான் தெரிந்தது. பிறகு கல்யாணமாகித் தரகர் வீட்டுக்கு வந்தாள். நாற்பது வருஷம் சிப்பங்களோடும் சுருட்டுப் புகையோடும் குடித்தனம் செய்தாள். ஒரு தரம்கூட யாரும் அவளை, "இது எப்படி இருக்கு?" என்று கேட்டதில்லை. அன்று சிலேட்டில் ஒரு அணா அழிந்ததும் ஊஞ்சல் கொஞ்சம் வேகமாக ஆடியதை நான் கவனித்தேன்.

அந்த ஊஞ்சல் சத்தத்தோடு இன்னொரு சத்தமும் சேர்ந்து வந்தது. அது அத்தையின் இருமல். நாங்கள் அதற்குப் பழகியிருந்தோம். மாடிப்படி ஏறினால் பாதியில் நிற்பாள். மலைக்குப் படியேறி எத்தனையோ வருஷமாயிற்று, விஞ்சில்தான் போவாள். அந்த மாசக் கடைசியில் ஒரு ராத்திரி மூச்சு வாங்க முடியாமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடிய விடிய நின்றாள். மறுநாள் மதுரைக்கு அழைத்துப் போனோம்.

டாக்டர் வயதானவர், நிதானமாகப் பேசுகிறவர். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "உங்களுக்குப் புகை பிடிக்கிற பழக்கம் உண்டா அம்மா?" என்றார். அத்தைக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "அய்யய்யோ, நான் இல்லீங்க!" என்றாள். டாக்டர் மாமாவைப் பார்த்தார். மாமா கம்பீரமாகவே பதில் சொன்னார்: "நான் சுருட்டுக் குடிக்கிறதுண்டு. ஆனா உள்ளே இழுக்கிறதில்லே. வாயோட சரி."

"நீங்கள் வாயோடு சரி. இவங்க மூச்சோட இழுக்கிறாங்களே, ஐயா" என்றார் டாக்டர்.

மாமா பதில் பேசவில்லை. டாக்டர் என்னைப் பார்த்து அடுப்பைப் பற்றி விசாரித்தார். எங்கள் வீட்டுக்கு காஸ் வந்தது 1981-இல். அதற்கு முன் விறகும் எருவட்டியும்தான். புகைபோக்கி என்ற பெயரில் ஓட்டில் ஒரு ஓட்டை. "அதுவும் சேர்ந்திருக்கிறது" என்றார். இதில் எது எத்தனை அணா என்று அவர் சொல்லவில்லை. எனக்குக் கேட்கத் தோன்றியது. சுருட்டுப் புகையை அணாக் கணக்கில் பரீட்சை செய்ய மூன்று பேர் திண்ணையில் உட்கார்ந்தார்களே, அடுப்புப் புகையைப் பற்றி அந்த வீட்டில் ஒருவராவது ஒரு நாளாவது பேசியதுண்டா?

சுருட்டுக் குடிக்கிறவர்கள் பெரும்பாலும் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை என்பது உண்மைதான். சிகரெட் புகையைவிட அது காரமானது. வாய்த் தோல் வழியாகவே நிகோடின் ஏறிவிடும். அதனால் தப்பித்தோம் என்பதற்கில்லை. வாயும் நாக்கும் தொண்டையும் புற்றுநோய்க்கு இலக்காகும். பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு பாக்கெட் சிகரெட்டின் அளவுக்குப் புகையிலை இருப்பதுண்டு. அது எரிகிற நேரமெல்லாம் அறை நிறையப் புகை. ஜப்பானில் ஹிராயாமா என்ற நிபுணர், தாங்கள் புகைபிடிக்காத மனைவிமார் தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்டவர்களைப் பதினான்கு வருஷம் கணக்கெடுத்தார். அதிகமாகப் புகைபிடிக்கும் கணவர்களின் மனைவியருக்கு நுரையீரல் புற்றுநோய் கூடுதலாக வருவதை 1981-இல் வெளியிட்டார். உலகமே முதலில் அவரோடு சண்டை போட்டது. நாங்கள் மதுரை டாக்டரிடம் போன அதே 1986-இல் அமெரிக்க சர்க்காரின் தலைமை வைத்திய அதிகாரி, அடுத்தவர் விடும் புகையும் கெடுதல்தான் என்று தனி அறிக்கையே போட்டார். ஆந்திரத்தில் விசாகப்பட்டினம், ஸ்ரீகாகுளம் பக்கத்துக் கிராமங்களில் பெண்களே சுருட்டுக் குடிப்பதுண்டு, அதுவும் எரிகிற முனையை வாய்க்குள் வைத்துக்கொண்டு! மேலண்ணத்தில் புற்றுநோய் கண்டு அவர்கள் படுகிற பாட்டை டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். சாம்பல் தரையில் விழக்கூடாது, கையில் இருப்பது வெளியே தெரியக் கூடாது என்பதெல்லாம் அதற்குச் சொல்லப்படும் காரணங்கள். படிக்கும்போது எனக்குக் கை நடுங்கியது.

பழனிக்குத் திரும்பி வந்த மாமா ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்தார். மரப்பெட்டியைத் திறந்தார். ஒன்றை எடுத்து மூக்கடியில் நீளவாட்டில் ஓட்டினார். திரும்ப வைத்தார். மூடினார். அடுத்த நாளும் இதே. முதல் பத்து நாள் அவரோடு பேச முடியவில்லை. ரசத்தில் உப்பில்லை என்றார், இருந்தது. செய்தித்தாள் ஈரம் என்றார், இல்லை. அத்தையே மனசு கேளாமல், "தோட்டத்துப் பக்கம் போய் ஒண்ணு குடிச்சிட்டு வாங்களேன். நான் கதவைச் சாத்திக்கிறேன்" என்றாள். "வேண்டாம் போ" என்றார். அறுபது வருஷப் பழக்கம். எழுபத்தொரு வயது. எங்கள் வீட்டில் யாரும் அதைத் தியாகம் என்று பாராட்டவில்லை. பாராட்டியிருந்தால் மறுநாளே பற்றவைத்திருப்பார்.

அத்தையின் மூச்சு பழையபடி ஆகவில்லை. போனது போனதுதான் என்று டாக்டர் முன்னமேயே சொல்லியிருந்தார். ஆனால் ராத்திரியில் ஜன்னல் கம்பியைப் பிடித்து நிற்பது குறைந்தது. அந்த வருஷத்துக் கார்த்திகைக்கு அவள் கையாலேயே அப்பம் சுட்டாள்.

பெட்டிக்கு வேறொரு ஆபத்து வந்தது. மிளகாய், மல்லி, மஞ்சள் டப்பாக்களில் சின்னஞ்சிறு செம்பழுப்பு வண்டு விழுமே, தெரியுமல்லவா? அதே வண்டுதான் புகையிலைக்கும் சத்துரு. ஊசியால் குத்தின மாதிரி ஓட்டை போட்டுவிடும். ஒரு நாள் பெட்டியின் ஓரத்தில் மாவு உதிர்ந்திருப்பதைப் பார்த்து நான் சொன்னேன். மாமா எண்ணிப் பார்த்தார். குடித்தது ஆறு போக மீதி பத்தொன்பது. அதில் ஓட்டை விழுந்தது இரண்டு. "வித்துடலாமா?" என்றார் என் கணவர். "நான் வேண்டாம்னு வச்சதை இன்னொருத்தன் வீட்டுக்கு அனுப்பறதா? அவன் வீட்டிலேயும் ஒருத்தி இருப்பாளே" என்றார் மாமா.

தீர்வு சொன்னது அத்தைதான். எங்கள் குலதெய்வம் கருப்பண்ணசாமி. வேடசந்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்துக்கு வெளியே, ஆலமரத்தடியில் அரிவாளை ஓங்கிக்கொண்டு நிற்பார். வருஷா வருஷம் மாசியில் பொங்கல் வைத்துச் சுருட்டுப் படைப்போம். "அவருக்குக் கொடுத்துடுங்க. அவருக்குப் பெண்டாட்டியும் இல்லே, கூரையும் இல்லே" என்றாள்.

வாடகைக்கு ஒரு வான் பிடித்துக்கொண்டு எல்லோரும் போனோம். அத்தையும் முன் ஸீட்டில் உட்கார்ந்து வந்தாள். பொங்கல் பொங்கியது. இலை போட்டு, முதலில் நம் ஊர்ச் சுருட்டு ஒரு கட்டு, பக்கத்தில் கப்பல் சுருட்டு பதினேழு. பூசாரி காகித ஒட்டியாணத்தைத் தடவிப் பார்த்து, "இது எந்தூருச் சரக்குங்க?" என்றார். சொன்னோம். ஒன்றை எடுத்து, இந்த முனையைப் பார்த்தார், அந்த முனையைப் பார்த்தார்.

"சாமி கோபிச்சுக்கும்ங்க. இதுக்கு வாயே இல்லையே?" என்றார்.

மாமா செருப்பைக் கழற்றிவிட்டு முன்னால் வந்தார். இடுப்பிலிருந்து பாக்குவெட்டியை எடுத்தார். ஒவ்வொன்றாகப் பதினேழையும் 'டிக், டிக்' என்று தொப்பி கழற்றி, கருப்பண்ணசாமியின் காலடியில் வரிசையாக அடுக்கினார். பூசாரி ஒன்றைப் பற்றவைத்துச் சாமியின் உதட்டில் செருகினார். நல்ல காற்று, புகை ஆலமரத்துக்கு மேலே ஏறி, தோட்டங்களின் பக்கமாகப் போயிற்று.

அத்தை மரத்தடியில் உட்கார்ந்த இடத்திலிருந்தே மூக்கை உயர்த்தினாள். "இது நல்ல இலை" என்றாள்.

"எத்தனை அணா?" என்று கேட்டார் மாமா.